ரெண்டு புள்ளி, ஒரு கோடு: சர்வரில் ஓட்டை விட்டவர் யார், அபராதம் கட்டுபவர் யார்?

கொடைக்கானல் மலையில் இருக்கும் வெள்ளகவி, பல தலைமுறைகளாகச் சாலையே இல்லாமல் வாழ்ந்த ஊர். கும்பக்கரையிலிருந்தோ வட்டக்கானலிலிருந்தோ நடந்துதான் போக வேண்டியிருந்தது. சாமான்கள் தலைச்சுமையாகவோ குதிரை மேலோ வந்து சேர்ந்தன.

அப்படிச் சாமான் சுமப்பவரிடம் ஒருவர் சீட்டு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 'என் வீட்டில் இருக்கும் மூட்டையை எடுத்து வாங்க' என்றிருந்தால் சரி. 'என் வீட்டிலிருந்து வெளியே வந்து, மூணாவது வீட்டுக்குள் போய், பீரோவில் இருப்பதை எடுத்து வாங்க' என்றிருந்தால்? 'அது உங்க வீடு இல்லையே' என்று கேட்டுவிடுவார். சில சர்வர்கள் அப்படிக் கேட்பதில்லை. இந்த ஓட்டைக்குப் பெயர்தான் டைரக்டரி டிராவர்சல்.

எப்படி நடக்கிறது?

சம்பளப் பட்டியல், வங்கி ஸ்டேட்மென்ட், ஸ்கேன் ரிப்போர்ட் போன்ற ஃபைல்களை அனுப்பவும் வாங்கவும் நிறுவனங்கள் ஃபைல் டிரான்ஸ்ஃபர் சர்வர் வைத்திருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். அதைத் தாண்டக் கூடாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு '../' என்றால் 'ஒரு படி மேலே போ' என்று அர்த்தம். ஃபைல் பெயரில் இதை நாலைந்து முறை சேர்த்து அனுப்பி, ஹேக்கர் அடுத்தவர் ஃபோல்டருக்கே போய்விடலாம்.

2024 ஜூனில் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் 'சர்வ்-யு' மென்பொருளில் இதுதான் நடந்தது. விண்டோஸில் ஃபோல்டர்களைப் பிரிப்பது பின்சாய்ந்த கோடு. சர்வர் அதை மட்டும் சோதித்தது. ஹேக்கர் முன்சாய்ந்த கோட்டை அனுப்பினால் சோதனையில் பாஸ். அதற்குப் பிறகு சர்வரே அந்தக் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டது! லாகின்கூட தேவையில்லை. பேட்ச் வந்தது, ஆனால் சில வாரங்களிலேயே தாக்குதல்களும் ஆரம்பித்தன.

இதற்கு ஒரு மாதம் முன்புதான், மே 2 அன்று, அமெரிக்காவின் சிசா அமைப்பும் எஃப்பிஐயும் மென்பொருள் நிறுவனங்களை இதே ஓட்டை பற்றி எச்சரித்திருந்தன. நிஜத் தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகளின் பட்டியலில் இந்த வகை மட்டும் அப்போதே 55. இருபது வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த தப்பு இது.

அப்டேட் பண்ணாதவர் தப்புதானே?

பாதி உண்மை. பேட்ச் வந்தும் போடாமல் இருப்பது அலட்சியம்தான். ஆனால் 2021 அக்டோபரில் அப்பாச்சி வெப் சர்வரில் இதே வகை ஓட்டையை அடைக்க 2.4.50 வெர்ஷன் வந்தது. அதுவும் முழுசாக அடைக்கவில்லை. சில நாட்களிலேயே 2.4.51 விட வேண்டியிருந்தது. சொன்னவுடன் அப்டேட் பண்ணியவரும் அந்த இடைவெளியில் மாட்டியிருக்கலாம்.

இந்தியாவில் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு வழி செய்கிறது. ஆனால் அது குறிவைப்பது தரவை வைத்திருக்கும் நிறுவனத்தை. ஓட்டையோடு மென்பொருளை விற்றவரை அல்ல. பூட்டு வாங்கியவருக்கு அபராதம்; எந்தச் சாவிக்கும் திறக்கிற பூட்டை விற்றவருக்கு ஒன்றுமில்லை.

தீர்வு ஒன்றும் ராக்கெட் சயன்ஸ் இல்லை. கோயில் வாசல் செருப்பு ஸ்டாண்டில் 'ரெண்டாவது ரேக், மூணாவது வரிசை' என்று யாரும் கேட்பதில்லை, டோக்கனைத்தான் நீட்டுகிறோம். அதேபோல ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வரே ஒரு எண் கொடுத்துவிட்டால், பாதையை எழுதும் வேலையே பயனருக்கு இல்லை. ரெண்டு புள்ளிக்கும் அங்கே இடமில்லை.

இதை விற்பவர்கள் தாமாகச் செய்யாவிட்டால் வாங்குபவர்கள் செய்ய வைக்கணும். அரசுத் துறைகளும் வங்கிகளும் டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: 'இந்த வகை ஓட்டையால் தரவு கசிந்தால் நஷ்டத்தில் விற்றவருக்கும் பங்கு உண்டு.' அந்த ஒரு வரி இருந்தால், சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கச் சர்வர்களும் கற்றுக்கொள்ளும்.