உறையூர் மண்ணும் உறங்கும் தமிழரும்

அரியமங்கலத்தில் பேருந்தேறி மலைக்கோட்டைக்கு வரும் தமிழர் உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் படியேறுவர். கடைத்தெருவில் துணி வாங்குவர். மாலையில் வீடு திரும்புவர். மலையடியில் அரசி மங்கம்மாள் கொலுமண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கின்றதே, அதனுள் நுழைவோர் எத்துணைப் பேர்?

'பழங்கல்லைப் பார்த்தால் சோறு கிடைக்குமா?' என்பர் சிலர். சோறு கிடைக்காது, ஆனால், 'இம்மண் யாருடையது?' என மாற்றான் கேட்கும்போது விடை கிடைக்கும்.

முற்காலச் சோழர்தம் தலைநகராகிய உறையூர் இத்திருச்சியின் ஒரு பகுதியே. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கு அகழாய்ந்தது. கறுப்பு சிவப்புப் பானையோடுகளும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், துணிக்குச் சாயமேற்றிய தொட்டியும் வெளிப்பட்டன. மண்பானையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட குடியன்றோ நம் குடி! அவ்வெழுத்தைத் 'தமிழி' என்று சொல்லவும் நம்மவர்க்கு நாக்கூசுகின்றது. 'பிராமி' என்று ஒட்டுப்போட்டால்தான் அறிவுடைமை என எண்ணுகின்றனர்.

கேளாதவர் பொருள் கைமாறிப்போகும். 1876-இல் செருமானியராகிய யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. அன்று தடுப்பாரில்லை. கீழடியிலோ, 2017-இல் அகழாய்வு அலுவலர் அமர்நாத் இராமகிருட்டிணன் அசாமுக்கு மாற்றப்பட்டபோது தமிழ்நாடே குரலெழுப்பிற்று. அகழாய்வைத் தமிழ்நாட்டரசு தொடர்ந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டுத் தமிழர் வாழ்வு வெளிப்பட்டது. 2023 மார்ச்சு 5-ஆம் நாள் அங்கேயே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கேட்டதனால் வந்தது, கெஞ்சியதனால் வந்ததன்று.

கீழடிக்குக் கேட்ட வாய் உறையூர்க்கு ஏன் கேட்கவில்லை? நகரின் கழிவையெல்லாம் பல்லாண்டு சுமந்தது அரியமங்கலம். அங்குள்ள குப்பைமேட்டைக் கிளறிப் பிரிக்கப் பொறிகளும் பணமும் கிடைத்தன. சோழன் தலைநகரைக் கிளறிப் பார்க்க மட்டும் கிடைக்காவோ? வீடும் கடையும் நெருங்க நெருங்க, அகழ்வதற்கு எஞ்சிய நிலமும் சுருங்குகின்றதே!

எனவே, உறையூரில் எஞ்சிய இடங்களை மீண்டும் அகழ்க! அங்குக் கிடைத்தவற்றை அவ்வூரிலேயே, நல்ல தமிழ் விளக்கத்துடன் காட்சிக்கு வைக்க! இவற்றை அரசிடம் கேட்பது தமிழர் கடன். அதற்குமுன் செய்யவேண்டிய எளிய கடனொன்றும் உண்டு. பள்ளிதோறும் ஆசிரியர் தம் மாணவரை மலையடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்க. ஆளற்ற கூடத்துக்கு எவ்வரசும் அள்ளித் தாராது. தன் பாட்டன் தொட்ட ஓட்டைப் பாராத பிள்ளை, நாளை அதனைப் பிறன் தனதென்று சொன்னாலும் தலையாட்டிக்கொண்டுதான் நிற்பான்.