தண்ணீர் கண்மாய்க்கு மேலே இருக்கிறது

மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்து ஊர் அரிட்டாபட்டி. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அங்கே போகிறவர்கள் கண்மாய்க்கரைக்கு ஓடாமல், முதலில் மலையடிவாரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மொட்டைப் பாறை முழுக்கத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்கும். பள்ளம் கண்ட இடத்தில் சுனையாகத் தேங்கும். வெடிப்புக்குள் புகுந்தது கீழே எங்கோ ஊற்றாகக் கசியும். மிச்சம் அடிவாரப் புதருக்குள் நுழைந்து, சருகிலும் வேரிலும் முட்டி வேகம் தணிந்து, வண்டலை அங்கேயே விட்டுவிட்டு ஓடையில் சேரும். அந்த ஓடைதான் கண்மாய்க்கு வரத்து. கண்மாய் பெருகினால் சுற்றியுள்ள கிணறு ஊறும். ஊர்க் குழாயில் தண்ணீர் வரும்.

இப்படிப்பட்ட பாறைக்கும் புதருக்கும் வருவாய்த் துறைக் கணக்கில் என்ன பெயர் தெரியுமா? கல்லாங்குத்து, கரடு, தீர்வை ஏற்படாத தரிசு. வரி வராத நிலம் என்பதற்காக வைத்த பெயர், நாளடைவில் எதற்கும் ஆகாத நிலம் என்றாகிவிட்டது. கல்குவாரிக்கு இடம் வேண்டுமா, குப்பை கொட்ட வேண்டுமா, புதிதாக ஓர் அலுவலகம் கட்ட வேண்டுமா? விரல் முதலில் நீள்வது இந்தத் தரிசை நோக்கித்தான். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இதே கதிதான். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி அதற்கு 2022-ல் கிடைத்தது. அதற்குள் அந்தச் சதுப்பின் பெரும்பகுதி வீடாகவும் சாலையாகவும் குப்பை மேடாகவும் மாறிவிட்டிருந்தது.

அதே 2022 நவம்பரில்தான் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசே கணக்குச் சொன்னது. எறும்புத்தின்னி இருக்கிறது, தேவாங்கு இருக்கிறது, மலைப்பாம்பு இருக்கிறது. லகர் வல்லூறு இருக்கிறது. வல்லூறுகளுக்குக் கூடு வைக்கச் செங்குத்துப் பாறை உதவும்; இரை தேட மரம் அடைக்காத திறந்த வெளி வேண்டும். அடிவாரத்தை வளைத்து வேலி போட்டுவிட்டு, பாறையை மட்டும் அவற்றுக்கு விட்டு வைத்துப் பயனில்லை.

அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அந்த 193 ஹெக்டேரையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேலூர் மக்களுக்கு நாம் மனதார நன்றி சொல்கிறோம். ஆனால் சுரங்கம் வருகிறது என்றால் ஊர் திரளும். ஓடையின் குறுக்கே ஒரு காம்பவுண்டுச் சுவர் எழுந்தால் எந்த ஊர் திரள்கிறது?

நம்மை அஞ்ச வைப்பது அந்தச் சுவர்தான். கண்மாயைத் தூர்வாருகிறோம், கரையை உயர்த்துகிறோம், மடைக்குப் புதுக் கதவு போடுகிறோம். எல்லாம் நல்ல காரியங்களே. 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் கண்மாயையும் அதன் உள்வாயையும் பார்க்கிறது. அதற்கும் மேலே, தண்ணீர் பிறந்து வரும் மேட்டுத் தரிசைப் பார்ப்பது யார்? அங்கே மனைக்கல் நட்டுவிட்டால் தூர்வாரிய கண்மாயில் வெயில்தான் காயும். ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியும் கண்மாய் பாதிகூட நிறையவில்லையே என்று அங்கலாய்க்கும் ஊர்களில், மேட்டுக்கு ஏறிப் போய்ப் பாருங்கள். பதில் அங்கே கிடக்கும்.

பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-ல். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பறவையோடும் மூலிகையோடும் வரத்து ஓடைகளையும் சேர்த்து எழுதினால் என்ன? எந்தப் பாறையில் விழும் மழை எந்த சர்வே எண் வழியாக எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்பது ஊரில் ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும், கண்மாய்த் தண்ணீரைப் பிரித்துவிட்ட பழைய நீர்க்கட்டிக்குத் தெரியும். தாலுகா அலுவலகத்துக்கும் அது தெரிய வேண்டும்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, கிராம சபை கூட வேண்டிய நாள்களில் ஒன்று. அன்று ஒவ்வொரு ஊரும் தன் வரத்து நிலங்களைச் சர்வே எண்ணோடு பட்டியலிட்டுத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். அந்த எண்களுக்கு நேரே ‘தரிசு’ என்றிருப்பதை அடித்துவிட்டு ‘நீர்ப்பிடிப்பு’ என்று எழுத, வருவாய்த் துறைக்கு அரசு உத்தரவிட வேண்டும்.