தற்கொலை இல்லை, கொலை! விடாமல் போராடிய தாய்

திருவண்ணாமலை:

ரமணாசிரமம் பகுதியில் சொந்தபந்தம் இல்லாமல் தனியாக தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்கள் நிறைய. அப்படி ஒருத்தர் திடீரென்று செத்துக்கிடந்தால் ‘எப்படி நடந்தது?’ என்று கேட்க ஆள் வேண்டும். கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், சேலம் மாவட்டம் ஓமலூர் சித்ரா.

2015 ஜூன் 23-ந்தேதி வீட்டைவிட்டு கிளம்பிய இவரது மகன், என்ஜினீயர் கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரெயில் தண்டவாளத்தில் தலை துண்டான நிலையில் பிணமாக கிடந்தார். கூடவே ஒரு தற்கொலை கடிதம். அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் சித்ரா நம்பவில்லை. கொலை என்று விசாரிக்கச் சொல்லி போராடினார்.

திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோவில் கேமரா, குட்டை உடைத்தது. வேறு சாதி பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜை ஒரு கும்பல் கடத்தியது அம்பலமானது. கோர்ட்டில் முக்கிய சாட்சி பல்டி அடித்தும் கேமரா பல்டி அடிக்கவில்லை. சித்ரா கேட்டபடி வழக்கு மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் ஐகோர்ட்டு நீதிபதிகளே கோவிலுக்கு நேரில் போய் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது.

‘சந்தேக மரணம்’ என்று போலீஸ் எழுதுவது முடிவல்ல, ஆரம்பம்தான். கேமரா பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். அதற்குள் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்க. அழுகைக்கு நடுவிலும் அதுதான் முதல் வேலை.