அம்மாவுக்கு ஓர் அறை

"கடுதாசி வந்திருச்சு ஐயா. டிசம்பர் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்கணுமாம்."

பிப்ரவரி மாதம் அம்மா இப்படித் தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பெரிய கவலை எதுவும் தோன்றவில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் 37 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். இந்த ஆண்டு அவருக்கு 60 வயது. 2013 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் சொல்லும் அதே வயது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டத்து வாழ்க்கையில் இது புதிய செய்தி அல்ல. அப்பா இருந்திருந்தாலும் இதே கடுதாசிதான் வந்திருக்கும்.

எனக்கு மலைக்குக் கீழே ஒரு பட்டணத்தில் இரண்டு மாடி வரிசை வீடு இருக்கிறது. பட்டணத்தின் பெயர் வேண்டாம். படுக்கையறைகள் எல்லாம் மேல் மாடியில். அம்மாவின் முழங்கால்களோ சரிவில் கூடை சுமந்து ஏறி இறங்கித் தேய்ந்தவை. பதினாலு படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவார். கீழே கழிவறை உண்டு, அறைதான் இல்லை. வீட்டின் பின்பக்கக் காலியிடத்தில் ஓர் அறை கட்டிவிட்டால் போதும். டிசம்பருக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. ஓர் அறைக்குப் பத்து மாதம் போதாதா?

போதவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

மார்ச் மாதம் முதல் முறையாக முகப்பிடத்தில் போய் நின்றேன். கையில் நில உரிமைப் பத்திரத்தின் நகல், அடையாள அட்டை நகல், வரைபடம். அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "மதிப்பீட்டு வரி பாக்கி இருக்கிறது" என்றார். முதல் அரையாண்டு வரியைப் பிப்ரவரி முடிவதற்குள் கட்டியிருக்க வேண்டும். மறந்திருந்தேன். என் தப்புதான். கட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை, பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இடப்பக்கத்து வீட்டு ஆன்ட்டி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். வலப்பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள். உரிமையாளர் ஜொகூரில் இருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து, ஒரு சனிக்கிழமை காரோட்டிப் போய், காப்பி குடித்து, கையெழுத்து வாங்கி வருவதற்குள் ஜூன் மாதம் முடிந்துவிட்டது.

மூன்றாம் முறை, செப்டம்பரில், வரைபடமே திரும்பி வந்தது. ஒரு மூலையில் சிவப்பு மையில் ஒரு வரி: அறைக்குச் சன்னல் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. சன்னல் இல்லை என்பது மார்ச் மாதமே தெரியாதா? வரி பாக்கியைச் சொன்ன அன்றே சன்னலையும் சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்காதா? ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுப்பு, வாகன நிறுத்தக் கட்டணம், எண் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பு. என் வீடு, என் காசு, என் அம்மா. நடுவில் இவர்கள் யார்?

இந்தக் கோபத்துக்குத் தூபம் போட ஆள்களும் இருந்தார்கள். குத்தகையாளர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இந்த வரிசையில எத்தனை வீடு பின்னாடி இழுத்துக் கட்டியிருக்கு, எண்ணிப் பாருங்க. எல்லாரும் பெர்மிட் எடுத்தா கட்டுனாங்க? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சா திங்கட்கிழமை காலையில கூரை போட்டுடலாம். யாரு வந்து பார்ப்பா?"

நானும் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வீடு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றிரவு கால்குலேட்டரை எடுத்து அவருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மலைக்குப் போனேன். அறை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அம்மாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். தாப்பாவில் ஏறி, வளைவுகளைக் கடந்து, ரிங்லெட்டில் டீ குடித்துவிட்டு, லயத்து வீட்டில் நுழைந்தபோது அம்மா ஏற்கெனவே இரண்டு பெட்டி கட்டி வைத்திருந்தார். கதை முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதுக்கு முடியாதுன்னாங்க?"

"ரூமுக்குச் சன்னல் இல்லையாம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சன்னல் இல்லாத ரூமுலயா ஐயா என்னைப் போடப் பார்த்தே?" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. சமையலறையைப் பின்னால் தள்ளிவிட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் அம்மாவின் அறையை வைக்கச் சொன்னவன் நான்தான். ஒரு பக்கம் கூடம், ஒரு பக்கம் அடுப்பு, இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். காற்று எங்கிருந்து வரும்? விசிறி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். விறகடுப்புப் புகை சூழ்ந்த சமையற்கட்டில் பிள்ளை வளர்த்து, வாசல் கதவைத் திறந்தால் மலை முழுக்கத் தெரியும் இடத்தில் வாழ்ந்த மனுஷியை ஒரு பெட்டிக்குள் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்த பிறகுதான் விதிகளை எடுத்துப் படித்தேன். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட உட்சட்டங்களில் 39ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: வசிக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னல் வேண்டும். அதில் பாதி அளவாவது, அதாவது 5 விழுக்காடு, காற்று தடையின்றி வந்து போகும்படி திறக்க வேண்டும். 110 சதுர அடி அறை என்றால் 11 சதுர அடி சன்னல். படுக்கையறையின் உயரம் இரண்டரை மீட்டருக்குக் குறையக்கூடாது. இவை யாரோ அதிகாரி பொழுதுபோகாமல் எழுதியவை அல்ல. காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையில் மனிதன் படுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் எழுதியவை.

அன்று மலையில் இன்னொரு பேச்சும் வந்தது. பெரியப்பா மகன் அங்கே காய்கறி போடுகிறார். "கீழே எதுக்குடா அலையுற? என் நிலத்துலயே சித்திக்கு ஒரு சின்ன வீடு போட்டுடுவோம்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் கையில் இருப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். டிஓஎல் என்று மலையில் எல்லாரும் சொல்வது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டோடு முடிகிறது, மீண்டும் புதுப்பிக்க வேண்டும். வேறு ஒருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும். அப்படிப்பட்ட நிலத்தில் அம்மாவின் சேமநிதிப் பணத்தைக் கொட்டி வீடு கட்டினால், அண்ணனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அம்மா மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நிலம் சரியாக இருந்தாலும் மலை சும்மா விடாது. நகர, கிராமத் திட்டத் துறையின் வழிகாட்டிகள் சரிவை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. 25 பாகைக்கு மேல் போனால் மூன்றாம் வகை, 35 பாகைக்கு மேல் நான்காம் வகை. சரிவு கூடக் கூடக் கட்டுப்பாடும் கூடும். "இவ்வளவு ரூல்ஸா?" என்று கேட்பவர்கள் கேமரன் மலைக்காரர்களிடம் 2013 அக்டோபர் 23ஐப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் நள்ளிரவுக்கு மேல் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் ஆறு கரையுடைத்து, லெம்பா பெர்த்தாமில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம், மறுபடியும் சாவு. ஆற்றுக்கு இவ்வளவு நெருக்கத்தில் வீடுகள் எப்படி வந்தன என்று அதன் பிறகுதான் கேட்டார்கள். வெள்ளம் வரும்வரை அதுவும் "யாரு வந்து பார்ப்பா?" என்கிற கதைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்றத்தின் முத்திரை இருந்தால் வீடு பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடத்தின் ஒரு தொகுதி சரிந்து 48 பேர் மாண்டார்கள். மற்ற தொகுதிகளில் வீடு வைத்திருந்தவர்கள் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. அதாவது, தவறு நேர்ந்தால் மன்றத்திடம் போய் இழப்பீடு கேட்பது எளிதல்ல. நம் வீட்டுக்கு முதல் காவல் நாம் அமர்த்தும் பொறியாளரும் வரைவாளரும்தான்.

அப்படியானால் என் கோபம் முழுக்கத் தப்பா? இல்லை. அதில் ஒரு பங்கை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. விதி இருப்பது சரி. விதியைத் தவணை முறையில் சொல்வதுதான் சரியில்லை. ஒரு மனுவில் ஐந்து குறை இருந்தால் ஐந்தையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? நான்காவது முறை போனபோது, கூரைத் தண்ணீர் எந்த வடிகாலில் விழும் என்று வரைபடத்தில் காட்டவில்லை என்றார்கள். நியாயமான கேள்வி. அதைக் கேட்க எட்டு மாதம் ஆகியிருக்க வேண்டியதில்லை. விதிப்படி நடப்பவன் இப்படி அலைந்தால், அடுத்தவன் குத்தகையாளரின் வெள்ளிக்கிழமைக் கணக்குக்குத்தான் போவான். அந்த ஒன்பது வீடுகளும் அப்படித்தான் வந்திருக்கும்.

ஆனாலும் அந்த வழி வேண்டாம். அனுமதியில்லாமல் கட்டினால் அதே சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி 50,000 ரிங்கிட்வரை அபராதமோ மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கட்டியதை இடிக்கச் சொல்லவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிறகு வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வங்கி அந்த அறையைப் பற்றிக் கேள்வி கேட்கும்.

வீட்டை விரிவாக்க நினைக்கும் இளைய குடும்பங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நான்கு சொல். முதலில் நிலவரி, மதிப்பீட்டு வரி இரண்டின் ரசீதையும் எடுத்து வையுங்கள். இரண்டாவது, வரைபடம் போடுவதற்கு முன்பே அண்டை வீட்டு உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். குடியிருப்பவர் வேறு, உரிமையாளர் வேறு. மூன்றாவது, "எனக்குத் தெரிஞ்ச பையன் வரைவான்" என்று போகாமல், மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்றவரிடம் போங்கள். நான் முதலில் போனது தெரிந்த பையனிடம்தான். சன்னல் போனதும் அங்கேதான். நான்காவது, முகப்பிடத்தில் "வேறு என்ன குறை இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். நான் நான்காவது முறைதான் கேட்டேன். எழுதிக் கொடுத்தார்கள்.

கேமரன் மலையில் வணிகத் தேயிலை வேரூன்றத் தொடங்கியது 1929இல். அந்தச் சரிவுகளில் நம் ஆள்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். தோட்டத்தில் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். அவர் மனம் வைத்தால் தகரம் வரும். என் தாத்தாவோ அப்பாவோ எந்த முகப்பிடத்திலும் கட்டட அனுமதிக்காக நின்றதில்லை. நிற்பதற்கு அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லை. எங்கள் குடும்பத்தில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற முதல் ஆள் நான். அந்த நினைப்பு வந்த பிறகு, ஐந்தாவது முறை எண் சீட்டு எடுத்தபோது கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அனுமதி நவம்பர் கடைசி வாரத்தில் கிடைத்தது. சமையலறையையும் அறையையும் பக்கம் பக்கமாக வைத்துப் புது வரைபடம். இரண்டுக்கும் பின்பக்கம் சன்னல். டிசம்பருக்குள் அறை முடியவில்லை. அம்மா சாவியைத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து, இப்போது எங்கள் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். பெரட்டுக்குப் போகிற நேரத்துக்கு இன்னும் தானாக விழித்துக்கொள்கிறார்.

சுவர் இடுப்பளவு எழுந்துவிட்டது. நேற்றுக் காலை கொத்தனாரிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தார். சன்னலின் அடிமட்டம் எவ்வளவு உயரத்தில் வரும் என்று கேட்டார். அவர் கைவைத்துக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இறக்கு தம்பி. உட்கார்ந்தா வெளியே தெரியணும்" என்றார் அம்மா.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். இறக்கினால் சன்னல் பெரிதாகத்தான் ஆகும். ஆனாலும் வரைவாளருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினேன்.