ஊழியர் மோசடி "எதிர்பாராத" இடரா?

வணிகவியல் பாடங்களில் தொழில் இடர்களின் காரணங்களை இயற்கை, மனிதர், பொருளாதாரம் என்று பிரிப்பார்கள். ஊழியர் மோசடி "மனிதக் காரணங்கள்" என்ற தலைப்பில் வேலைநிறுத்தம், கலவரத்தோடு சேர்ந்து நிற்கும். எல்லாமே "எதிர்பாராத நிகழ்வுகள்" என்ற அடைமொழி வேறு! இதைவிட வசதியான சாக்கு ஒரு நிர்வாகத்துக்குக் கிடைக்குமா?

1762-ல் தொடங்கிய லண்டன் பேரிங்ஸ் வங்கியைப் பாருங்கள். அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் தன் நஷ்டங்களை 1992 முதல் 88888 என்ற கணக்கில் மறைத்துவந்தார். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபேயில் பூகம்பம், பங்குச்சந்தை சரிந்தது. நஷ்டம் சுமார் 82.7 கோடி பவுண்டு. அடுத்த மாதமே வங்கி திவால். ஐ.என்.ஜி. அதை 1 பவுண்டுக்கு வாங்கியது!

இது இயற்கை இடரா, சந்தை இடரா? இரண்டும் இல்லை. வியாபாரம் செய்தவரும் லீசன், அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவுக்குத் தலைவரும் லீசன். 1994-லேயே உள்தணிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. மேலிடம் சரிசெய்யவில்லை.

2004-ல் வந்த பாசல் 2 விதிகள் "உள் மோசடி"யைச் செயல்பாட்டு இடரின் முதல் வகையாகவே வைத்தன. அந்த இடருக்கென மூலதனமும் ஒதுக்கச் சொன்னன. அதாவது, இது எதிர்பார்த்தே ஆகவேண்டிய இடர்.

லீசனுக்குச் சிறை கிடைத்தது நியாயம்தான். ஆனால் வீட்டைப் பூட்டாமல் விட்டவரைக் கேட்பது யார்? "எதிர்பாராத" என்ற சொல்லைப் பாடத்திலிருந்து தூக்கினால்தான் அந்தக் கேள்வியே பிறக்கும்.