வலிப்பு வந்த தீயணைப்பு வீரரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது தீயோடு போராடி உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களை நினைவுகூர்ந்தது நல்ல காரியம். ஆண்டுதோறும் அவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறோம். ஆனால் உயிரோடு இருந்து, பணிக்காலத்திலேயே நோயில் விழுந்தவரை என்ன பாடுபடுத்துகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கால்-கை வலிப்பு வந்துவிட்டால் அவர் கதை முடிந்தது என்றே வைத்துக்கொள்கிறார்கள். நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைக் கண்டித்து எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர், முன்னணி தீயணைப்போர். கிணற்றில் மாடு விழுந்தாலும் மனிதர் விழுந்தாலும் முதலில் கயிற்றைப் பிடித்து இறங்குகிறவர் அவர்தான். ஒருநாள் காலை அணிவகுப்பில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள். அப்படியும் ஒருவர் ஓடிப்போய் வண்டிச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே கரண்டியைச் செருகப் பார்த்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை தீயணைப்பு நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது என்றால், அந்த நோயாளியின் பணியைப் பற்றி முடிவெடுக்கும் மேசைகளில் என்னென்ன நம்பிக்கைகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சில வாரங்களில் மறுபடியும் வந்தது. ஸ்கேன், ஈ.ஈ.ஜி. எல்லாம் எடுத்தார்கள். மாத்திரை தொடங்கிய பிறகு வலிப்பு வரவில்லை. மருத்துவ விடுப்பு முடிந்து பணியில் சேரப் போனார். எந்த அலுவலகம் என்று நான் எழுதவில்லை. “இனிமே வலிப்பே வராதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா இயலாமை ஓய்வுக்கு மனு கொடுத்துடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உலகத்தில் எந்த நரம்பியல் மருத்துவரும் அப்படி ஒரு சான்று தரமாட்டார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பாதிச் சம்பளத்தில் ஓடிய குடும்பம் இப்போது அதுவும் இல்லாமல் நிற்கிறது.

இது மனிதாபிமானப் பிரச்சினை மட்டுமல்ல, சட்டப் பிரச்சினை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 20(4) தெளிவாக இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பழைய வேலைக்கு ஏற்றவராக இல்லாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. பணியில் காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில் 2003-லேயே உச்ச நீதிமன்றம், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது.

இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை. 2016 சட்டத்தின் அட்டவணையில் நாட்பட்ட நரம்பியல் நோய்களுக்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கின்சன் நோயும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. வலிப்பு நோயின் பெயர் இல்லை. “லிஸ்ட்ல இல்ல சார்” என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டும் வெறும் எடுத்துக்காட்டுகள்தான் என்பதை யாரும் படிப்பதில்லை. சட்டத்தின் பட்டியலுக்குள் வராத நிறக்குருடு காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு மாற்றுப் பணி கொடுக்கும்படி 2025-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, அது கண்ணில் படவில்லையா?

வலிப்பு உள்ளவரை ஏணியில் ஏற்றச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிறவருக்கு அங்கே வலிப்பு வந்தால், அவரோடு சேர்ந்து கூட இருப்பவர்களும் போய்விடுவார்கள். வண்டி ஓட்டவே கூடாது. பிரிட்டனில் கனரக வாகனம் ஓட்ட, மருந்து இல்லாமலே 10 ஆண்டுகள் வலிப்பின்றி இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். தூக்கம் கெட்டால் வலிப்பு தூண்டப்படும் என்பதால் இரவுப் பணியும் கொடுக்கக் கூடாது. ஆனால் தீயணைப்பு நிலையம் என்பது ஏணியும் குழாயும் மட்டும்தானா? கட்டுப்பாட்டு அறையில் பகலில் அழைப்பு எடுக்க ஆள் வேண்டும். பதற்றத்தில் வழி சொல்லத் தெரியாமல் திணறுகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது களத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். பள்ளிகளில் ஒத்திகை நடத்த வேண்டும். தீபாவளிக்கு முன் பட்டாசுக் கடைகளைப் பார்த்துத் தடையின்மைச் சான்றுக்கு அறிக்கை எழுத வேண்டும். கும்பகோணம் பள்ளித் தீயில் 2004-ல் 94 குழந்தைகள் கருகிய பிறகு எத்தனை பள்ளிகளை, மண்டபங்களை ஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது! பூட்டிய இரும்புக் கதவையும் ஒடுங்கிய மாடிப்படியையும் பார்த்த மாத்திரத்தில் இங்கே என்ன நடக்கும் என்று சொல்லக்கூடிய அனுபவத்தை வீட்டில் உட்காரவைத்திருக்கிறோம்.

களத்துக்குத் திரும்பும் வழியையும் நிரந்தரமாக அடைக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களுக்கான என்.எஃப்.பி.ஏ. 1582 மருத்துவத் தரநிலை, நிலையான மருந்தோடு 5 ஆண்டுகளோ மருந்தை முற்றிலும் நிறுத்தி ஓராண்டோ வலிப்பு இல்லாமலிருந்து, பரிசோதனைகள் சரியாக இருந்து, நரம்பியல் நிபுணரும் ஒப்புக்கொண்டால் திரும்ப வரலாம் என்று வழி வகுத்திருந்தது. சரியான மருந்து கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குப் போய்க் கட்டியாகி வலிப்பு வருகிறவர்களும் ஏராளம். அவர்களில் பலர் சிகிச்சையில் குணமடைகிறார்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே கோலால் அளந்து வெளியே தள்ளுவது எந்த நியாயம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. சொன்னால் வேலை போய்விடும் என்று தெரிந்தால் யார் சொல்வார்கள்? தனியார் மருத்துவரிடம் கள்ளத்தனமாகப் போய், மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்துவைத்து, அடுத்த அழைப்புக்கு வண்டியில் ஏறிவிடுவார்கள். ஏணியில் வலிப்பு உள்ளவர் ஏறக் கூடாது என்று விரும்புகிறவர்கள்தான், அவர் தைரியமாக உண்மையைச் சொல்லும் வழியை முதலில் திறந்துவிட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலை அல்ல. பணிக்காலத்தில் வலிப்பு வந்த சீருடைப் பணியாளருக்கு 20(4) பொருந்தும் என்று ஒரே ஓர் அரசாணை. நரம்பியல் நிபுணர் இல்லாத மருத்துவக் குழு இவர்களைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்று அதில் ஒரு வரி. முடிவு வரும்வரை சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்று இன்னொரு வரி. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இந்தக் கோப்புகளைத் தாமாகவே கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். மத்திய அரசு அட்டவணையில் வலிப்பு நோயின் பெயரைச் சேர்க்கட்டும். இதற்கு அடுத்த தீத்தொண்டு நாள்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அந்தத் தம்பிக்கு ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.