தளர்ந்த பெடலும் தவறிய தவணையும்

கடந்த மழைக்காலத்தின் இறுதியில் தாராவி 90 அடி சாலையைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். மூன்றாண்டுகளாக ஒரு தவணையும் தவறாதவர். "சார், இந்த மாசம் மட்டும் பத்து நாள் பொறுத்துக்குங்க. வண்டி பட்டறையில நிக்குது" என்றார். விசாரித்தோம். மூன்று மாதங்களாகக் கிளட்ச் பெடல் தளர்ந்திருந்தது. ஆயில் குறையும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டு, கரகரத்த கியரைக் கட்டாயப்படுத்தி மாற்றி ஓட்டியிருக்கிறார். ஒருநாள் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் அருகே, அழுத்திய பெடல் தரையோடு படிந்து திரும்பவே இல்லை. அதற்குள் கியர்பெட்டியின் உட்பாகங்களும் தேய்ந்துவிட்டன.

கிளட்ச்சைக் கம்பிவடம் இழுக்கும் கார்களும் உண்டு. ஆயில் அழுத்தம் தள்ளும் கார்களும் உண்டு. இவருடையது இரண்டாவது வகை. பெடலை மிதித்ததும் மேலுள்ள மாஸ்டர் சிலிண்டர், குழாயில் உள்ள ஆயிலை அழுத்துகிறது. அவ்வழுத்தம் கியர்பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ள, கிளட்ச் விலகுகிறது. திரவம் எளிதில் சுருங்காது என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. காற்றோ அழுத்தினால் சுருங்கும். குழாயில் சிறிதளவு காற்று புகுந்தாலும், நம் காலின் விசை அதைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. கிளட்ச் அரைகுறையாக விலகும், கியர் கரகரக்கும்.

இதற்கு மெக்கானிக்குகள் செய்யும் வேலைதான் 'ஏர் எடுப்பது'. ஒருவர் இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்துப் பிடிப்பார். மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் திருகைச் சற்றே தளர்த்துவார். அதில் மாட்டிய குழாய் வழியே ஆயிலும் காற்றுக்குமிழிகளும் புட்டிக்குள் வரும். திருகை மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்கவேண்டும். முன்னதாக எடுத்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். குமிழி நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்து, இடையிடையே தொட்டியில் புது ஆயிலை நிரப்பவேண்டும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே தொட்டிதான். எனவே ஆயில் குறைவது கியரை மட்டுமன்று, உயிரையும் தொடும் செய்தி.

நாங்கள் வலியுறுத்த விரும்புவது இதுதான்: ஏர் எடுப்பது பாதி வேலையே. மூடிய குழாயில் காற்று தானாக முளைப்பதில்லை. எங்கோ ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து ஆயில் கசிந்திருக்கவேண்டும். கசிவைக் கண்டறியாமல் ஆயிலை மட்டும் ஊற்றி ஓட்டுவது, கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவதற்கு ஒப்பாகும். மாதம் நகரும், கடன் நகராது.

மும்பையில் இந்தக் கவனம் இன்னும் தேவை. கிளட்ச்சுக்குப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு வகுத்துள்ள வரம்போ 155 டிகிரிதான். ஈரம் சிலிண்டரின் உட்புறத்தையும் அரிக்கிறது. பருவமழையில் மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. சயானிலிருந்து செம்பூர் போய்ச் சேருவதற்குள் கால் எத்தனை முறை கிளட்ச்சை மிதிக்கிறது என்பதை ஓட்டுபவர்கள் அறிவார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுமாறு பல கார் நிறுவனங்கள் கூறுவதை வீண்செலவாகக் கருதலாகாது.

காப்பீடு இருக்கிறதே எனச் சிலர் நினைக்கலாம். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. அச்செலவு முழுவதும் உரிமையாளரையே சாரும்.

இதில் எங்கள் பங்குக் குறையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 5 லட்சம் ரூபாய்க் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய் என்று அச்சிட்டுத் தருகிறோம். அந்தக் கார் ஓடினால்தான் அத்தவணை வரும் என்பதும், அது ஓடுவதற்கு ஒரு செலவு உண்டு என்பதும் அத்தாளில் இல்லை. கடன் வழங்கும் நாளிலேயே பராமரிப்புச் செலவையும் வாடிக்கையாளருடன் அமர்ந்து கணக்கிடுவது எங்கள் கடமையாகவேண்டும். தவணையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது மாதம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாயை, தொடர் வைப்பில் தனியே சேர்த்துவரலாம். ஆண்டு முடிவில் 12,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். பெடல் தளர்ந்த அன்றே பட்டறைக்குச் செல்லும் துணிவை அந்தச் சேமிப்பு தரும்.

பட்டறை நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். 2015இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில், சிஷு பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். கருவிகள் வாங்க அது உதவும். வாடிக்கையாளர்களும், "ஆயில் மட்டும் ஊத்திக் குடுங்க" என்று கேட்பதை விட்டு, கசிவைத் தேடும் மெக்கானிக்கின் உழைப்புக்கு உரிய கூலியைத் தர முன்வரவேண்டும்.

பத்து நாள் கேட்டவர் பதினெட்டாம் நாள் வந்து தவணையைக் கட்டினார். தாமதக் கட்டணம் சேர்ந்தது. மூன்றாண்டுகள் களங்கமின்றி இருந்த அவருடைய கடன் வரலாற்றில் ஒரு தாமதமும் பதிவாயிற்று. அன்றே ஒரு தொடர் வைப்புக் கணக்கையும் தொடங்கிச் சென்றார். முதல் நாளிலேயே அதை அவரிடம் எடுத்துச் சொல்லாதது எங்கள் தவறு. நீங்கள் அதற்குக் காத்திருக்கவேண்டாம். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் முன்மூடியைத் திறந்து, ஆயில் தொட்டியின் கோட்டை ஒருமுறை பாருங்கள்.